ஆய்வுச் செய்தியோடு ஆய்வின் அளவையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘ஆய்வில் தகவல்’ என்று முடியும் தலைப்புகளோடு தங்கள் நாளிதழில் வெளியாகும் செய்திகளைத் தவறாமல் படித்து வருபவன் நான். கல்லூரியில் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். காபி, உறக்கம், குழந்தை வளர்ப்பு, புதிய உலோகக் கலவை என்று எல்லாத் துறைகளையும் தொடும் இச்செய்திகளை நிறுத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எத்தனை பேரிடம் ஆய்வு நடந்தது, மனிதரிடம் நடந்ததா எலியிடம் நடந்ததா, இம்முடிவு முதல் முறையாகக் கிடைத்ததா அல்லது வேறொரு குழுவும் செய்து பார்த்து உறுதிப்படுத்தியதா என்ற மூன்று விவரங்களையும் ஒவ்வொரு செய்தியிலும் சேர்த்து அச்சிட வேண்டும் என்பதே என் கோரிக்கை. பெரும்பாலான செய்திகளில் இவை மூன்றுமே இருப்பதில்லை.

இந்த விவரங்கள் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை 2015ஆம் ஆண்டு ஜான் போஹானன் என்ற அறிவியல் இதழாளர் ஜெர்மனியில் வேண்டுமென்றே செய்து காட்டினார். கறுப்புச் சாக்லேட் உண்டால் உடல் எடை விரைவாகக் குறையும் என்று ஓர் ஆய்வை நடத்திக் கட்டுரையாகவும் வெளியிட்டார். ஆய்வு உண்மையிலேயே நடந்தது; ஆனால் அதில் கடைசிவரை இருந்தவர்கள் 15 பேர்தான். அந்தச் சிறு கூட்டத்தை மூன்று குழுக்களாகப் பிரித்து, எடை, கொழுப்பு, உறக்கம் என 18 வகை அளவுகளை எடுத்தார்கள். உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாத இடத்திலும் இருபதில் ஒரு முறை வேறுபாடு இருப்பதுபோல் தோன்றுவதைப் புள்ளியியலின் வழக்கமான அளவுகோல் அனுமதிக்கிறது. ஆகவே ஒன்றையொன்று சாராத 18 அளவுகளை எடுத்தால், அவற்றில் ஒன்றாவது தற்செயலாகத் தேறிவிடும் வாய்ப்பு ஏறத்தாழ 60 சதவீதம். இந்தக் கணக்கை இளங்கலை முதலாண்டு மாணவரே போட்டுவிடுவார். எடை குறைப்பு அப்படித் தேறியது. அச்செய்தி ஜெர்மனியின் ‘பில்ட்’ நாளிதழின் முதல் பக்கத்தில் வந்தது. பல நாடுகளின் ஊடகங்கள் எடுத்து வெளியிட்டன. ஆய்வில் பங்கேற்றோரின் எண்ணிக்கையை அவற்றில் எதுவும் குறிப்பிடவில்லை என்று பின்னர் போஹானனே எழுதினார்.

அது வேண்டுமென்றே வைக்கப்பட்ட பொறி. நேர்மையாக நடத்தப்பட்டு நல்ல இதழ்களில் வெளியான ஆய்வுகளின் நிலை வேறாக இருக்கும் என்று சிலர் வாதிடலாம். அதே 2015இல், உளவியல் துறையின் முன்னணி இதழ்களில் வந்த 100 ஆய்வுகளைப் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடித் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் தெளிவான விளைவைக் கண்டதாகக் கூறியிருந்தன. திரும்பச் செய்தபோது 36 சதவீதத்தில் மட்டுமே அது தெரிந்தது, அதுவும் சராசரியாகப் பாதி அளவில். ‘நேச்சர்’, ‘சயின்ஸ்’ ஆகிய இரு பேரிதழ்களில் வந்த 21 சமூக அறிவியல் சோதனைகளை 2018இல் இவ்வாறு சோதித்தபோது 13 தேறின.

நம் ஊர் தன்னம்பிக்கைச் சொற்பொழிவுகளில் அடிக்கடி கேட்கும் மிட்டாய்ச் சோதனையை இங்கே குறிப்பிட வேண்டும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில் உளவியலாளர் வால்டர் மிஷல் நடத்திய சோதனை அது. உடனே ஒரு மார்ஷ்மெல்லோவை உண்ணாமல், சற்றுப் பொறுத்து இரண்டாகப் பெற்றுக்கொண்ட குழந்தைகள் பிற்காலத்தில் படிப்பில் சிறந்தார்கள் என்று 1990இல் எழுதப்பட்டது. மூலக் கட்டுரையில் மதிப்பெண்ணோடு ஒப்பிடப்பட்டவர்கள் சில பத்துப் பேர்தான். அவர்களும் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குடும்பங்களின் பிள்ளைகள். 2018இல் பலதரப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளைக் கொண்டு வேறு ஆய்வாளர்கள் சோதித்தபோது தொடர்பு பாதியாகக் குறைந்தது. குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல், சிறுவயது அறிதிறன் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டதும் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு மறைந்தது. பொறுமையற்ற பிள்ளை உருப்படாது என்ற அச்சத்தை முதல் செய்தி எத்தனை பெற்றோரின் மனத்தில் விதைத்ததோ, அவர்களில் மிகச் சிலருக்கே இரண்டாவது செய்தி போய்ச் சேர்ந்திருக்கும்.

இயற்கை அறிவியலும் இதற்கு விலக்கல்ல. ஆம்ஜென் மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள், புற்றுநோய்த் துறையில் திருப்புமுனை என்று கருதப்பட்ட 53 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்ததில் 6 மட்டுமே உறுதிப்பட்டன என்று 2012இல் அறிவித்தார்கள். 2023 ஜூலையில், அறை வெப்பநிலையிலேயே மின்தடையின்றி மின்சாரத்தைக் கடத்தும் எல்கே-99 என்ற பொருளைக் கண்டுவிட்டதாகத் தென்கொரியக் குழு ஒன்று, சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்கு உட்படாத முன்னச்சுக் கட்டுரை மூலம் அறிவித்தது. உலகமே கொண்டாடியது. புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்படப் பல ஆய்வகங்கள் சில வாரங்களிலேயே செய்து பார்த்து, அத்தன்மை அதில் இல்லை என்று காட்டின.

இவற்றைச் சொல்வதால் அறிவியலின் மீதே அவநம்பிக்கை விதைப்பதாகக் கொள்ள வேண்டாம். திரும்பச் செய்தபோது முடிவு மாறுவது எப்போதும் பழைய ஆய்வின் குற்றமும் அன்று. இதற்கு உலகம் மேற்கோள் காட்டும் எடுத்துக்காட்டு நம் மண்ணிலேயே இருக்கிறது. காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பூசியைப் பிரிட்டனில் 1950 முதல் 50,000க்கும் மேற்பட்ட பள்ளி மாணவரிடம் சோதித்தபோது, அது நூற்றுக்கு 75க்கு மேல் பாதுகாப்பு அளிப்பதாகத் தெரிந்தது. பெரிய ஆய்வு, கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வு. அதோடு நின்றிருந்தால் எல்லா நாட்டுக்கும் அதுவே விடை என்று ஆகியிருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக சுகாதார நிறுவனம் முதலியவற்றின் துணையோடு 1968இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் மீண்டும் ஒரு சோதனையைத் தொடங்கியது. 2,50,000க்கும் மேற்பட்டோருக்குச் சீட்டுக் குலுக்குவதுபோல் தற்செயல் முறையில் பிசிஜியோ மருந்தற்ற ஊசியோ போடப்பட்டது. யாருக்கு எது என்று ஊசி போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. முதல் ஏழரை ஆண்டுக் கண்காணிப்பிலும், 1999இல் வெளியான பதினைந்து ஆண்டு அறிக்கையிலும், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் தடுப்பூசி பலன் தரவில்லை என்பதே முடிவு.

இரண்டு ஆய்வுகளில் எது பொய்? எதுவும் இல்லை. இப்பகுதியின் மண்ணிலும் நீரிலும் உள்ள, காசநோய்க் கிருமிக்கு உறவான வேறு நுண்ணுயிரிகளோடு மக்களின் உடல் முன்பே பழகியிருந்தது ஒரு காரணமாகலாம் என்று கருதப்படுகிறது. விவாதம் இன்னும் முடியவில்லை. குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலாக வரும் காசநோய் போன்ற கொடிய வகைகளைத் தடுப்பதால்தான் இன்றும் பிறந்தவுடன் பிசிஜி போடப்படுகிறது. அதைத் தவிர்க்க வேண்டும் என்று யாரும் இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. ஓர் ஊரில் கிடைத்த முடிவு இன்னோர் ஊருக்குப் பொருந்துமா என்பதை அந்த ஊரில் செய்து பார்த்தால்தான் அறிய முடியும் என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாக எழுதினேன். நார்வேயிலோ மினசோட்டாவிலோ நடந்த உணவு ஆய்வைப் படித்துவிட்டு நம் வீட்டு அடுப்படியை மாற்ற முனைவோருக்கு, ஆய்வு எங்கே நடந்தது என்ற ஒரு வரியாவது கண்ணில் பட வேண்டும்.

குறை முழுவதையும் செய்தியாளர் தலையில் சுமத்துவதும் நியாயமாகாது. பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 20 பல்கலைக்கழகங்கள் தங்கள் ஆய்வுகளைப் பற்றி ஊடகங்களுக்கு வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை ஆராய்ந்து 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அக்குறிப்புகளில் 40 சதவீதம் வாசகருக்கு மிகைப்பட்ட அறிவுரை வழங்கின; விலங்குகளிடம் நடந்த ஆய்வுகளைப் பற்றியவற்றில் 36 சதவீதம் மனிதருக்கும் அது பொருந்தும் என்பதுபோல் எழுதின. நாளிதழில் காணும் மிகை பெரும்பாலும் பல்கலைக்கழகத்திலேயே பிறந்துவிடுகிறது. இதைவிடப் பயனுள்ள ஒரு செய்தியும் அக்கட்டுரையில் உண்டு: மிகைப்படுத்திய குறிப்புகளே ஊடகங்களில் அதிகம் இடம்பிடிக்கின்றன என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. (இதுவும் ஓர் ஆய்வுதான், ஒரு நாட்டுக்கு உரியதுதான் என்பதை நான் மறக்கவில்லை.)

இடப் பற்றாக்குறை என்ற பதில் வரலாம். நான் கேட்கும் விவரங்கள் இரண்டு வரிக்கு மேல் போகாது; மூலக் கட்டுரைகளின் சுருக்கத்திலேயே அவற்றில் பெரும்பாலானவை கிடைத்துவிடும், சுருக்கத்தைப் படிக்கக் கட்டணமும் இல்லை. செய்தி முகமைகள் அனுப்புவதை மொழிபெயர்க்கும் துணையாசிரியர்கள் அந்தச் சுருக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, உதாரணமாக, ‘அமெரிக்காவில் 42 பேரிடம் நடந்தது, வேறு குழுக்கள் இன்னும் உறுதிப்படுத்தவில்லை’ என்று செய்தியின் அடியில் சேர்த்தால் போதும். முன்னச்சுக் கட்டுரை என்றால் அதைத் தலைப்பிலேயே சொல்லிவிடலாம். தாங்கள் முன்பு வெளியிட்ட ஒரு முடிவு பின்னர் பொய்த்ததாகவோ, இதழே அதைத் திரும்பப் பெற்றதாகவோ தெரியவந்தால், அச்செய்தி வந்த அதே பக்கத்தில் அதே அளவில் அதையும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
புள்ளியியல் பேராசிரியர் (ஓய்வு),
திருவள்ளூர்.