ஆங்கிலச் சொற்பாடம் குறித்துப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

ஏற்காடு அடிவாரம், சேலம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில், ஆங்கிலச் சொற்களைப் பத்து முறை எழுதிவரச் சொல்லும் வீட்டுப்பாடத்தைக் குறைத்து, ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்து வந்தது என்று வகுப்பிலேயே விசாரிக்கும் வழக்கத்தை இப்பருவத்தில் தொடங்கியிருக்கிறோம். பிள்ளைகள் வீட்டில் எழுதுவதே இல்லை என்று உங்களில் சிலர் வருத்தப்பட்டதால், இதை விளக்குவது என் கடமையாகிறது.

நம் மலையிலிருந்தே தொடங்கினோம். சேர்வராயன் மலையில் வெட்டியெடுக்கப்பட்டு மேட்டூர் அலுமினிய ஆலைக்குச் சென்ற பாக்சைட், தெற்குப் பிரான்சில் உள்ள லே போ என்னும் சிற்றூரின் பெயரைத் தாங்கியது. 1821-இல் பியர் பெர்த்தியே என்ற புவியியலாளர் அதை அவ்வூரருகே கண்டறிந்தார். ஊர்ப்பெயரின் கடைசியில் எழுதப்படும் எக்ஸ் என்ற எழுத்தைப் பிரெஞ்சுக்காரர் ஒலிப்பதில்லை. கல்லின் பெயரிலோ அது அழுத்தமாகவே ஒலிக்கிறது. நாம் வெள்ளைக்கல் என்று சொல்லும் மேக்னசைட்டும், காந்தத்தைக் குறிக்கும் மேக்னெட்டும் மக்னீசியா என்ற பழைய கிரேக்க இடப்பெயரிலிருந்து பிறந்தவை. இதைக் கேட்ட ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஆய்வகக் காந்தத்தை எடுத்து வெள்ளைக்கல்லில் வைத்துப் பார்த்தாள். ஒட்டவில்லை. ஏன் ஒட்டவில்லை என்ற கேள்வியில் அன்றைய ஆங்கில வகுப்பு அறிவியல் வகுப்பாகிவிட்டது. அதை நான் நேர விரயமாகக் கருதவில்லை. கொரண்டம் என்ற கனிமப் பெயர் நம் குருந்தம் என்ற சொல்லே என்று அறிந்தபோது வகுப்பில் எழுந்த ஆரவாரத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த பள்ளி என்பதால், ஷட்டில் என்ற சொல்லில் அதிக நேரம் நின்றோம். தறியில் பாவு நூல்களுக்கிடையே ஊடையைக் கொண்டோடும் நாடாவுக்கு ஆங்கிலத்தில் அதுவே பெயர். எறியப்படும் அம்பைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து அது வந்தது; எய்தல் என்ற பொருளுடைய ஷூட் என்பதும் அதன் உறவே. நாடாவைப் போல இப்பக்கமும் அப்பக்கமும் போய்வருவதால்தான், மாலையில் பிள்ளைகள் ஆடும் இறகுப்பந்துக்கும், விண்வெளிக்குச் சென்று திரும்பிய ஓடத்துக்கும் அப்பெயர் அமைந்தது.

எழுத்துப்பிழை கூடிவிடுமோ என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் கடனைக் குறிக்கும் டெட் என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் பி என்ற எழுத்து இல்லை என்பதையும், டெபிடம் என்ற லத்தீன் மூலத்தை நினைவூட்டப் பிற்காலப் புலவர்கள் அதைச் செருகினார்கள் என்பதையும் அறிந்த பிள்ளை, அந்த எழுத்தை எளிதில் விட்டுவிடாது. தேர்வில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கும் முறை மாறவில்லை.

தறி, கொலுசுப் பட்டறை, காப்பித் தோட்டம் என நீங்கள் எங்கு வேலை செய்தாலும், அங்கு வழங்கும் கருவிப் பெயர்களைத் தமிழோ ஆங்கிலமோ பார்க்காமல் எழுதி, அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குக் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன். எழுத நேரமில்லாதவர்கள் பிள்ளைகளிடம் வாயால் சொன்னால் போதும், அவர்களே எழுதிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்