அமைச்சரின் மனவருத்தத்துக்கு அரசு வக்கீல் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

அவதூறுச் சட்டம் குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கருத்துரிமைக்கு எல்லை உண்டா, இல்லையா என்று கட்டுரையாளர் விரிவாகவே எழுதியிருக்கிறார். எல்லை வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் மாவட்ட நீதிமன்றங்களில் வக்கீல் குமாஸ்தாவாகவே காலம் தள்ளியவன் என்ற முறையில், அவர் தொடாமல் விட்ட ஒரு கேள்வியை எழுப்ப வேண்டும் என்று தோன்றியது. அரசியல்வாதியைப் பழித்ததாக வரும் வழக்கை யார் போடுகிறார்கள், யார் செலவில் போடுகிறார்கள் என்பதே அது.

என்னைப் பற்றியோ உங்களைப் பற்றியோ ஒருவர் அவதூறாகப் பேசிவிட்டார் என்று வையுங்கள். நாமே வக்கீல் வைத்து, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தனிப்புகார் கொடுத்து, சத்தியம் செய்து வாக்குமூலம் அளித்து, வாய்தாவுக்கு வாய்தா அலைய வேண்டும். அமைச்சருக்கு அந்தத் தொல்லை கிடையாது. அவருடைய பதவிப் பணி தொடர்பான பேச்சு என்றால், அரசு வக்கீலே நேராக செஷன்ஸ் கோர்ட்டில் புகார் தாக்கல் செய்துவிடலாம். குடியரசுத் தலைவர், ஆளுநர், மத்திய, மாநில அமைச்சர்கள், அரசு ஊழியர்கள் எல்லோருக்கும் இந்தச் சலுகை உண்டு. 1955-இல் நுழைந்த ஏற்பாடு இது. பிறகு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 199(2) பிரிவு ஆனது. 2024 ஜூலை 1 முதல், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 222(2) என்ற எண்ணில் அப்படியே தொடர்கிறது. புகாருக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. சரி, மனம் புண்பட்டவர் முதலமைச்சர் என்றால் அனுமதி கொடுப்பது யார்? அவருடைய அரசுதான். வக்கீலுக்குப் பணம் போவது நம் வரிப்பணத்திலிருந்து.

எதிர்ப்பக்கம் நிற்பவரின் நிலையை நான் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆபீஸுக்கு வந்தவர் ஒரு பகுதிநேர நிருபர். செய்திக்கு இவ்வளவு என்று கிடைக்கும் சன்மானம்தான் வருமானம். அது போதாமல் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடையும் நடத்தினார். உள்ளூர்ப் பிரச்சினை ஒன்றில் ஆளுங்கட்சிப் பிரமுகர் பெயரோடு செய்தி அனுப்பியிருந்தார். ஆசிரியர், வெளியீட்டாளரோடு சேர்த்து இவரும் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர். முதல் வாய்தாவுக்குக் கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பஸ் மாறி வந்தார். பத்தரை மணிக்கு வராந்தாவில் நின்றவரை டவாலி (கோர்ட் சேவகர்) கூப்பிட்டபோது மதியமாகிவிட்டது. நீதிபதி முன் நின்றது ஒரு நிமிடம்கூட இருக்காது; அடுத்த தேதி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்புறம் வர முடியாத நாட்களில் 317 போட வேண்டும். ஆஜராக முடியவில்லை, மன்னிக்கவும் என்று கேட்கும் மனுவைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். அதற்கு ஸ்டாம்பு, டைப்பிங், வக்கீல் பீஸ். அதுவும் போடாமல் விட்டால் பிடிவாரண்ட் வந்துவிடும். வழக்கு விசாரணைக்கே வரவில்லை, சாட்சி ஒருவரும் கூண்டேறவில்லை. ஆனால் அந்த மனிதர் அதற்குப் பிறகு அரசியல் செய்தி அனுப்புவதையே விட்டுவிட்டார். கோயில் கொடை, பள்ளி ஆண்டு விழா, விபத்து, இவைதான் அவர் பெயரில் வந்தன.

அவருக்குத் தண்டனை ஒன்றும் கிடைக்கவில்லையே என்று கேட்கலாம். இதைவிட என்ன தண்டனை வேண்டும்?

தமிழ்நாட்டில் இது எந்த அளவுக்குப் போனது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஜெயலலிதா ஆட்சியின் ஐந்தாண்டுகளில் 200-க்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் போடப்பட்ட கணக்கு 2016-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. பத்திரிகைகள் மீதும் எதிர்க்கட்சித் தலைவர்கள் மீதும் போட்டவை அவை. அந்த ஆண்டு ஜூலையில் விஜயகாந்துக்கும் பிரேமலதாவுக்கும் திருப்பூர் நீதிமன்றம் பிடிவாரண்ட் பிறப்பிக்க, உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. பொது வாழ்வில் இருப்பவர் விமர்சனத்தைத் தாங்கத்தான் வேண்டும் என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். அதே உச்ச நீதிமன்றம்தான் சில வாரங்களுக்கு முன், மே மாதத்தில், சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் அவதூறைக் கிரிமினல் குற்றமாக வைத்திருப்பது செல்லும் என்று தீர்ப்பளித்திருந்தது. புத்தி சொன்ன நீதிமன்றம் கருவியை மட்டும் அரசின் கையிலேயே விட்டுவைத்தது என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. 2025 செப்டம்பரில் நீதிபதி எம்.எம்.சுந்தரேஷ், அவதூறைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்கும் காலம் வந்துவிட்டது என்று விசாரணையின்போது சொன்னதைப் படித்து மகிழ்ந்தேன். ஆனால் அது கருத்துதான், தீர்ப்பு அல்ல.

2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அப்துல் குத்தூஸ் தந்த தீர்ப்பைச் சட்டம் படிப்பவர்கள் மட்டுமல்ல, பத்திரிகை படிக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்து என்.ராம், நக்கீரன் கோபால் உள்ளிட்ட பலர் மீதிருந்த வழக்குகளை அவர் ரத்து செய்தார். சாதாரண மனிதரைப் போல அரசு சட்டென்று கோபப்பட்டு வழக்குப் போடக் கூடாது, குடிமக்கள் எல்லோருக்கும் பெற்றோர் ஸ்தானத்தில் அரசு இருக்கிறது என்றார். அரசு வக்கீலும் மேலிடம் கொடுத்த காகிதத்தை அப்படியே தாக்கல் செய்யாமல், குற்றம் இருக்கிறதா என்று தானே பார்க்க வேண்டும் என்றார். அமைச்சரின் சொந்த மானம் போனதாக இருந்தால் அவரே வழக்குப் போட்டுக்கொள்ளட்டும். அரசுக்கே அவதூறு நேர்ந்திருந்தால்தான் அரசு வக்கீல் வரலாம் என்பது அதன் சாரம்.

2021-இல் ஆட்சி மாறியது. தேர்தலில் வாக்களித்தபடி பத்திரிகைகள் மீதான அவதூறு வழக்குகளை மு.க.ஸ்டாலின் அரசு திரும்பப் பெற்றது. நல்ல காரியம். அதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஒரு ஆட்சி மனம் வைத்துப் போடுவதும், இன்னொரு ஆட்சி மனம் வைத்து எடுப்பதுமாக இருந்தால், நம் உரிமை அவர்களுடைய மனசைப் பொறுத்தது என்று ஆகிவிடுகிறது. பிரிவு அப்படியே இருக்கிறது. அடுத்து வருகிறவர் எடுத்துக்கொள்ளலாம்.

இது ஒரு கட்சியின் குணம் என்றும் நான் சொல்ல மாட்டேன். எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1987-இல், ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக் வந்தது. மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று கேட்டால், ஒருவர் ஜேப்படித் திருடன் போலவும் இன்னொருவர் முகமூடிக் கொள்ளைக்காரன் போலவும் இருப்பதை வைத்து அடையாளம் சொல்வதாக அந்த ஜோக். யார் பெயரும் இல்லை. உரிமை மீறல் என்று சொல்லி ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது சட்டமன்றம். எதிர்ப்பு கிளம்பவே சில நாட்களில் விட்டுவிட்டார்கள். அவர் விடாமல் வழக்காடி வென்றார். நஷ்டஈடாக வந்த 1,000 ரூபாயைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் அலுவலகத்தில் மாட்டிவைத்தார். 2003-இல் இந்து நாளிதழின் ஆசிரியர் குழுவினருக்கும் முரசொலி ஆசிரியருக்கும் சட்டமன்றம் 15 நாள் சிறை விதித்து, உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2017-இல் கார்ட்டூனிஸ்ட் பாலா. நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே தீயில் கருகிய பிறகு அவர் வரைந்த படத்துக்காகக் கைது. எரிந்த குழந்தைகளைப் பார்த்து வராத பதற்றம் ஒரு படத்தைப் பார்த்து வந்ததே என்று அன்று எனக்கு ஏற்பட்ட கோபம் இன்றும் ஆறவில்லை.

இவ்வளவுக்கும் நம் கட்சிகள் எல்லாம் மேடையில் வளர்ந்தவை. எதிரியை வறுத்தெடுக்காமல் இங்கே எந்தத் தலைவரும் தலைவராகவில்லை. அந்த மேடையில் ஏறி வந்தவர்கள் நாற்காலி கிடைத்ததும் ஒரு நிருபரின் நாலு வரிக்கு நோகிறார்கள்.

இனி எல்லை. வேண்டுமென்றே பொய் சொல்லி ஒருவரின் பெயரைக் கெடுத்தால், அவர் சொந்தச் செலவில் சிவில் வழக்குப் போட்டு நஷ்டஈடு கேட்கட்டும். வன்முறையைத் தூண்டுவது, சாதி சொல்லி இழிவுபடுத்துவது, பெண் என்பதற்காக உடலையும் நடத்தையையும் பேசுவது, இவை வேறு. பெண் அரசியல்வாதிகளைப் பற்றி யூடியூப்பில் வருவதைக் கேட்கவே கூசுகிறது. அதற்கெல்லாம் தனித்தனியாகச் சட்டம் இருக்கிறது, பயன்படுத்தட்டும். 2024-இல் பெண் காவலர்களை இழிவாகப் பேசியதாக யூடியூபர் சவுக்கு சங்கர் மீது வழக்குப் போட்டதை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்கு மேல் குண்டர் சட்டத்தையும் போட்டது அநியாயம். உச்ச நீதிமன்றமும் இடைக்காலமாக அவரை விடுவிக்கச் சொன்னது. ஆனால் "இந்த அமைச்சர் உதவாக்கரை", "இந்த டெண்டரில் ஊழல் நடந்திருக்கிறது" என்று சொல்வது இந்த வகை எதிலும் சேராது. காட்டமாகச் சொன்னாலும் சேராது. 1994-லேயே நக்கீரன் தொடர்பான ராஜகோபால் வழக்கில், பதவிப் பணி பற்றிய எழுத்தில் தவறு இருந்தாலும், உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் எழுதப்பட்டது என்று நிரூபித்தால் ஒழிய அதிகாரி நஷ்டஈடு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நஷ்டஈடே கேட்க முடியாத இடத்தில் சிறைக்கு அனுப்பக் கேட்கலாம் என்பது எந்த நியாயம்?

இலங்கை 2002-இல் அவதூறைக் கிரிமினல் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. நம் நாடாளுமன்றம் அதைச் செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அரசு வக்கீல் புகார் கொடுக்க மாநில அரசின் அனுமதி வேண்டும் என்பதால், எந்த அமைச்சருக்காகவும் அந்த அனுமதியைக் கொடுப்பதில்லை என்று கோட்டையிலிருந்து ஓர் அரசாணை போட்டால் போதும். தங்கள் நிருபர்கள் மாவட்டவாரியாக ஒரு கணக்கு எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: அரசு வக்கீல் தாக்கல் செய்த அவதூறுப் புகார்கள் எத்தனை, எத்தனை நிலுவையில் இருக்கின்றன, எதிரிகளில் எத்தனை பேர் பகுதிநேர நிருபர்கள், இதுவரை அரசுக்கு என்ன செலவு. செஷன்ஸ் கோர்ட் பதிவேடுகளில் பார்க்கக்கூடியவைதான். கிடைக்காத விவரத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். மனு எழுதவும் கோர்ட்டுக்குப் போய் நகல் வாங்கவும் ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
திண்டுக்கல்