அம்மா தோட்டில் ஓடும் மஞ்சள்

அன்புள்ள மீனா,

முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? இங்கே சிங்கப்பூரில் எல்லாரும் நலம். பேத்தி தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு பி.எஸ்.எல்.இ. எழுதி முடித்துவிட்டாள், வீட்டில் மறுபடி டிவி சத்தம் கேட்கிறது.

அம்மாவின் ஒற்றைக்கல் வைரத்தோடு நினைவிருக்கிறதா, உன் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு வந்தாளே? திருகு தேய்ந்துவிட்டதென்று போன வாரம் சிராங்கூன் ரோட்டில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பையன் கல்லைக் கழற்றி, வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்துப் பார்த்துவிட்டு, "மஞ்சள் ஓடுது ஆன்ட்டி, மறுபடி பட்டை தீட்டினா வெள்ளையாயிடும், நல்ல விலை போகும்" என்றான். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

எங்கள் பிளாக்கில் சூரத்தில் முப்பது வருடம் வைரம் பட்டை தீட்டிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டேன், சிரித்தார். மஞ்சள் கல்லுக்குள்ளேயே இருக்கிற நைட்ரஜனால் வருவது, தீட்டினால் போகாது. ரவுண்ட் பிரில்லியன்ட் என்ற வட்ட வடிவத்தில் நன்றாக வெட்டினால் உள்ளே போன வெளிச்சம் சட்டென்று மேலே திரும்பிவிடும், அதனால் பார்க்கிறவர் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும், அவ்வளவுதான். சான்றிதழுக்கு டி (நிறமே இல்லாதது) முதல் இசட் (வெளிர்மஞ்சள்) வரை நிறம் போடும்போது கல்லைக் கவிழ்த்து வைத்துத்தான் பார்ப்பார்களாம், அங்கே இந்தப் பாச்சா பலிக்காது.

வேடிக்கை என்னவென்றால், இசட் வரை மஞ்சள் கூடக் கூட விலை இறங்குகிறது, இசட்டைத் தாண்டிவிட்டால் ஃபேன்சி மஞ்சள் என்று பெயர் வாங்கிக்கொண்டு ஏற ஆரம்பிக்கிறது! அந்த ரகத்துக்கு மட்டும் நேராக முகம் பார்த்து நிறம் சொல்கிறார்கள். அதனால் எல்லையில் நிற்கிற கல்லை ரேடியன்ட், குஷன் என்ற சதுர வாட்ட வடிவங்களில் வெட்டி, வெளிச்சத்தை உள்ளேயே அலையவிட்டு, நிறத்தைத் தூக்கிக் காட்டி அந்தப் பக்கம் தள்ளிவிடுவார்கள்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். விட்டல்ஸ்பாக் என்ற நீல வைரத்தை 2008இல் லண்டன் ஏலத்தில் லாரன்ஸ் கிராஃப் என்ற வைர வியாபாரி 1.64 கோடி பவுண்டுக்கு வாங்கினார், 35.56 காரட்டாக இருந்ததைத் தீட்டி 31.06 ஆக்கினார். நாலரை காரட் தூளாய்ப் போச்சு! ஆனால் சாம்பல் கலந்த அடர்நீலம் என்றிருந்த சான்றிதழ் வெறும் அடர்நீலம் என்று மாறியது. முந்நூறு வருஷத்துக் கல்லில் கைவைக்கலாமா என்று பெரிய சண்டை. என்னைக் கேட்டால் வைத்திருக்கக் கூடாது, ஆனால் ஏலம் எடுத்தவர் நானில்லையே.

நம் கல் ஒவ்வொன்றும் 1.04 காரட். பழைய பட்டையைப் புதிதாக்கினால் ஒரு காரட்டுக்குக் கீழே போய்விடும், அந்தக் கோட்டைத் தாண்டியதுமே காரட் விலையும் ஒரு படி விழும். போதாததற்கு இது ஜோடி, இரண்டும் ஒரே அளவில் நிற்க வேண்டும், ஒன்றில் கை தவறினால் மற்றதையும் குறைக்க வேண்டியதுதான். மகள் விற்றுவிடச் சொல்கிறாள். நான் திருகை மட்டும் மாற்றச் சொல்லிவிட்டேன்.

தை மாதம் திருச்சி வருகிறேன், தோட்டைப் போட்டுக்கொண்டுதான் வருவேன். உன் வீட்டு முற்றத்து வெயிலில் பார்த்துவிட்டு மஞ்சளா இல்லையா என்று நீயே சொல்.

அன்புடன்,
சுந்தரி