ஹோட்டல்காரர்களுக்கு நீ எழுதும் முன்

தலவாக்கலை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். எங்கள் கல்யாண நாளுக்காக நீ பதிவு செய்து தந்த பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டலில் தங்கிவிட்டு வீடு வந்து சேர்ந்துவிட்டோம். "எல்லாத்தையும் விவரமா எழுதி அனுப்புங்கம்மா, ஹோட்டலுக்கு நான் மெயில் போட்டுக் காசைத் திருப்பிக் கேட்கிறேன்" என்று போனில் சொன்னாய். பக்கத்திலிருந்த அப்பா, "நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டு வை" என்று கையைக் காட்டினார். ஒருவர் காசு செலவழித்துச் செய்ததில் குறை சொல்வது பாவம் என்று நினைக்கும் மனுசன் அவர். நான் அப்படி இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் கொப்பி திருத்தியவள். பிழைக்குச் சிவப்புக் கோடு போடுவேன், சரியானதுக்குச் சரியும் போடுவேன். அதனால் இதை முழுக்க வாசித்துவிட்டு அப்புறம் மெயில் எழுது. கோபத்தில் பாதியிலேயே எழுதத் தொடங்கிவிடாதே.

முதலில் கடலைப் பற்றி. கடலுக்காக ஹோட்டல்காரர்களோடு சண்டை பிடிக்காதே. பெந்தோட்டைப் பக்கம் மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றுக் காலம். அலை எழும்பி எழும்பி அடிக்கும். கரையில் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். அப்பா கால் நனைக்கப் போனதற்கே காவலுக்கு நின்ற பையன் விசில் ஊதிவிட்டான். இதே காற்றுத்தான் அங்கே கடலைக் கிளப்பிவிட்டு, அப்புறம் நம் மலையில் வந்து முட்டி வட்டவளையில் கொட்டுகிறது. இலங்கையிலேயே அதிகம் மழை பெய்கிற இடங்களில் வட்டவளையும் ஒன்று என்று எத்தனை வகுப்புக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! நாங்கள் கோச்சியில் போகும்போது வட்டவளையில் ஜன்னலைத் திறக்க முடியாத மழை. கொழும்பில் இறங்கி, கடலோர ரயில் பிடித்து, அளுத்கமையில் இறங்கினால் அங்கேயும் மழை. "நம்ம மழையைக் கூடவே கூட்டிட்டு வந்துட்டோம் போல" என்று அப்பா சிரித்தார். பெக்கேஜ் விலை பாதியாகக் கிடைத்தது என்று நீ சந்தோஷப்பட்டாயே, அந்தப் பாதி விலையின் காரணம் இதுதான். அதை அவர்கள் ஒளிக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. டோஹாவில் இருந்துகொண்டு உனக்கு மழைக்காலம் மறந்து போனது, அவ்வளவுதான்.

இனி, எழுத வேண்டியது. நீச்சல் குளம்.

நீ அனுப்பிய படத்தில் நீல நிறத்தில் பளபளத்த அந்தக் குளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சுற்றிலும் மஞ்சள் நாடா. உள்ளே டைல்ஸ் எல்லாம் உடைத்து எடுத்துவிட்டு, மூலையில் சீமெந்துப் பைகளை அடுக்கி, அதன்மேல் ஒரு தார்ப்பாயைப் போட்டிருந்தார்கள். கவுண்டரில் இருந்த பிள்ளையிடம் கேட்டேன், மே மாதமே தொடங்கிய வேலை என்றாள். நீ பதிவு செய்தது அதற்குப் பிறகுதானே? அப்படியென்றால் தெரிந்தே மறைத்திருக்கிறார்கள். கடலில் இறங்க முடியாத மாதத்தில் ஆட்களைக் கூப்பிடுகிறவர்கள், இருக்கிற ஒரே குளமும் மூடியிருக்கிறது என்று ஒரு வரி சொல்லியிருக்க வேண்டாமா? இதை அழுத்தமாக எழுது. பதிவு செய்த தேதியையும் போடு.

சாப்பாடு பாதி நியாயம், பாதி அநியாயம். கையில் ஒரு பிளாஸ்டிக் பட்டியை மாட்டிவிட்டார்கள். அதைக் காட்டினால் மூன்று வேளைச் சாப்பாடு, பின்னேரம் கேக், குடிக்க எது வேண்டுமானாலும் என்று பேச்சு. ஆனால் ஆட்கள் குறைவு என்பதால் பஃபே வைக்கவில்லை. அவர்களே தட்டில் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள். நேரம் தவறினால் கிடையாது. காலை ஏழு மணிக்கே, தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்கு நிற்கிற மாதிரி நாங்கள் போய் உட்கார்ந்திருந்தோம். நான் வெள்ளிக்கிழமை சைவம் என்று முதலே சொல்லிவைத்தேன். அதற்கு வந்ததைக் கேள்: அவித்த கரட், அவித்த லீக்ஸ், அவித்த கோவா, மேலே கொஞ்சம் மிளகுத்தூள். நம் வீட்டுக்குப் பின்னால் விளைகிற அதே சாமான், லொறியேறி பேலியகொடைச் சந்தைக்குப் போய், அங்கிருந்து காலி வீதி வழியே வந்து, இந்தக் கதிக்கு ஆளாகியிருக்கிறது. தோட்டத்தில் ஒரு தேங்காய்ப் பாதியைத் துருவிப் போட்டுச் சுண்டினால்கூட எப்படி இருந்திருக்கும்! பஃபே என்று சொல்லிவிட்டு வைக்காதது பற்றி எழுது. ருசி பற்றி எழுதாதே, அதற்குச் சாட்சி கிடையாது.

தேத்தண்ணி விசயம் கொஞ்சம் பெரிய கதை. மெயிலுக்கானது இல்லை, உனக்குத்தான் சொல்கிறேன்.

அப்பா இத்தனை வருடம் ஸ்டோரில், அதுதான் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை வாடப் போட்டு, அரைத்து, புளிக்கவிட்டு, மூக்காலேயே பதம் பார்த்தவர். தை மாசி பங்குனியில் நம் திம்புள்ளைப் பக்கத்துத் தேயிலைக்கு வருகிற மணத்தை வாசற்படியில் நின்றே சொல்லிவிடுவார். அவருக்கு முன்னால் ஒரு கோப்பை, அதில் சூடு போன தண்ணீர், பக்கத்தில் நூல் கட்டிய ஒரு பொட்டலம். நான் கண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கிறேன், அவர் கேட்கவில்லை. பொட்டலத்தை நகத்தால் கிழித்து, தூளை உள்ளங்கையில் கொட்டி, மேசை விளக்குக்கு நேரே பிடித்து விரலால் பரப்பினார். மூக்கருகே கொண்டுபோனார். நுனிவிரலில் ஒட்டியதை நாக்கில் வைத்தார். அப்புறம் கையை உதறிவிட்டு, "தரை கூட்டின தூசு" என்றார். அதுவும் மெதுவாக இல்லை.

பரிமாறிக்கொண்டிருந்த பையன் சிரித்துவிட்டான். பக்கத்தில் வந்து தமிழில், "ஐயா எந்தத் தோட்டம்?" என்று கேட்டான். வந்ததிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் காதில் விழவில்லை எங்களுக்கு. அறிவிப்புப் பலகையெல்லாம் இங்கிலீஷ், ஜெர்மன், ரஷ்யன்தான். அப்பா எழுந்தே நின்றுவிட்டார். பையன் பொகவந்தலாவைப் பக்கம். அவன் அம்மா இன்னும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறாராம். மறுநாள் காலை யாரும் பார்க்காத நேரம் ஒரு சில்வர் ஜக்கில் இஞ்சி தட்டிப்போட்ட சாயத்தண்ணி கொண்டுவந்து வைத்தான். தூள் ஹோட்டலுடையது இல்லை. அவன் அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பி, பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்த தூள். அங்கிருந்து கிளம்பும்வரை தினமும் அப்படியே கொண்டுவந்தான். காசு கொடுத்தால் கோபிப்பான் என்று அப்பா கொடுக்கவில்லை. நான் அவன் சட்டைப் பையில் திணித்துவிட்டேன்.

அவனிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பில்லில் 10 சதவீதம் சேவைக் கட்டணம் போடுகிறார்களே, அதைத்தான் வேலை செய்கிறவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்களாம். அடிச் சம்பளம் பெரிதில்லை, அந்தப் பங்குதான் வருமானம். மார்கழி, தை மாதங்களில் வெள்ளைக்காரர்கள் நிறைந்திருக்கும்போது நல்ல தொகை வருமாம், இந்த மாதங்களில் பஸ் காசுக்கே திண்டாட்டமாம். அதனால் பிள்ளைகள்மீது ஒரு வார்த்தையும் எழுதாதே. "சேவை சரியில்லை" என்று பொதுவாக ஒரு வரி எழுதினாலும் அது மேலே இருக்கிற மனேஜர்மீது விழாது, இந்தப் பையன் தலையில்தான் விழும். சாயத்தண்ணிக் கதையையும் மூச்சு விடாதே. வெளியிலிருந்து சாமான் கொண்டுவந்து விருந்தாளிக்குக் கொடுத்தான் என்று அதையே ஒரு குற்றமாக்கிவிடுவார்கள்.

அறை பரவாயில்லை. "கடல் பார்த்த அறை" என்பதில் பொய் இல்லை, கட்டிலின் ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தால் கடல் தெரிந்தது, நடுவில் ஜெனரேட்டர் கொட்டகையின் தகரம். ஏசியில் புழுங்கல் நாற்றம் அடித்தது. நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்தோம். இராத்திரி அலைச் சத்தத்துக்கு அப்பா தூங்கவில்லை. 2004 சுனாமியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். நம்மைப் போல மேட்டில் பிறந்தவர்களுக்கு மழைச் சத்தத்தில் தூக்கம் வரும், இந்தச் சத்தத்துக்குப் பழக்கமில்லை.

இன்னொன்று, இதைக் கேட்டால் சிரிப்பாய். குடிக்க எது வேண்டுமானாலும் இலவசம் என்று நீ சொன்னதும் அப்பா மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். போய்ச் சேர்ந்த மறுநாள் பொசன் போயா, பௌத்தர்களின் பௌர்ணமி நாள்! போயாவுக்கு மது விற்கக்கூடாது என்று சட்டம். பாரில் நாற்காலியைக் கவிழ்த்து மேசைமேல் அடுக்கிவிட்டார்கள். பாவம், முகம் சுண்டிப்போனது அவருக்கு.

ஆனால் அந்தப் பொசன் இல்லாவிட்டால் அங்கே நல்ல சாப்பாடே சாப்பிட்டிருக்கமாட்டோம். பின்னேரம் மழை விட்டதும் வாசலைத் தாண்டிக் காலி வீதிக்கு நடந்தோம். வாசல் காவலாளி எங்கே போகிறீர்கள் என்று இரண்டு தடவை கேட்டார். வெளியே கொஞ்ச தூரத்தில் ஒரு தன்சல், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இலவசமாகச் சாப்பாடு கொடுக்கிற பந்தல். இளம் பையன்கள் நடுரோட்டில் கொடியை ஆட்டி பஸ்ஸையும் வானையும் மறித்து, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று மன்றாடுகிறார்கள். வெசாக், பொசன் என்றால் நம் பக்கத்திலும் நடப்பதுதான், ஆனால் நான் வரிசையில் நின்றது இதுதான் முதல் தடவை. மரவள்ளிக் கிழங்கு, பெரிய கிடாரத்தில் ஆவி பறக்க அவித்தது. அதற்கு இடித்த கட்டச் சம்பலும் தேங்காய்ப் பூவும். தாமரை இலையில்தான் போட்டுக் கொடுத்தார்கள். கிழங்கு வாயில் வைத்ததும் மாவாகக் கரைந்தது. என் வயதிருக்கும் ஒரு அம்மா என் கையிலிருந்த பிளாஸ்டிக் பட்டியைப் பார்த்தார், ஹோட்டலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் இன்னொரு அகப்பை போட்டார். அப்பா சம்பல் கேட்டு மறுபடி வரிசையில் நின்றார். எனக்கு முன்னால் நின்றவர்களில் பாதிப் பேர் அதே ஹோட்டல் சமையல்கட்டு ஆட்கள், தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு.

காசு விசயத்தில் ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்காதே. நீ அனுப்பிய ரசீதில் 18 சதவீத வரியோடு சேர்த்துப் பார்த்தேன். ஒரு இராத்திரிக்குக் கட்டியது, உன் சித்தி ஒரு மாதம் முழுக்க மலையில் பேர் போட்டு, கொழுந்து பறித்து வாங்குவதைவிட அதிகம். தோட்டத்து நாள் சம்பளத்தை ஆயிரம் ரூபாய் ஆக்க 2021 வரை எத்தனை வருடம் ரோட்டில் நின்றார்கள் என்று நீயும் பார்த்தவன்தானே. உன் உழைப்பு, உன் ஆசை, எங்களைச் சந்தோஷப்படுத்த நினைத்தாய், அது எனக்குப் புரிகிறது. எங்கள் கல்யாண நாளை நீயாவது ஞாபகம் வைத்திருந்தாய், இங்கே ஒருவருக்கு அதுவும் இல்லை. ஆனால் காசு திரும்பி வந்தால் எங்களுக்கு அனுப்பாதே. சித்தியின் லயத்து வீட்டுக் கூரையில் தகரம் ஓட்டையாகிப் போய், அடுப்பங்கரைக்குள் வாளி வைத்திருக்கிறாள். அதற்குக் கொடுத்துவிடு. அப்பாவும் இதற்குச் சம்மதம்.

ஆக, மெயிலில் குளமும் பஃபேயும் மட்டும். மரியாதையாக எழுது, ரசீதின் பிரதியையும் அந்த விளம்பரப் படத்தையும் சேர்த்து அனுப்பு. பதில் வராவிட்டால் இரண்டாவது தடவை கொஞ்சம் கடுமையாக எழுதலாம், அப்போது வரைவை எனக்கு அனுப்பு, நான் திருத்தித் தருகிறேன்.

நீ வரும்போது கடல் பார்க்க வேண்டுமென்றால் கிழக்குப் பக்கம் போகலாம். பெந்தோட்டையில் கொந்தளிக்கிற மாதங்களில் பாசிக்குடாவில் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், இடுப்பளவுத் தண்ணீரில் எவ்வளவு தூரமும் நடக்கலாம். அங்கே தமிழிலேயே பேசிக்கொள்ளலாம், சைவச் சாப்பாட்டுக்கும் அலைய வேண்டாம். நுவரெலியா வழியாகப் போகிற ரோட்டுத்தான் பதுளையைத் தாண்டிச் செங்கலடியில் போய் முடிகிறது, அங்கிருந்து பக்கம். பெரிய ஹோட்டல் வேண்டாம், இரண்டு அறை உள்ள வீடு ஒன்று எடுத்தால் போதும், சித்தியையும் கூட்டிக்கொண்டு போகலாம். நானே சமைப்பேன்.

லீவு ஏப்ரலிலா ஓகஸ்டிலா என்று முடிவாகச் சொல். ஓகஸ்ட் என்றால் பள்ளிக்கூட விடுமுறை, வான் பிடிப்பது கஷ்டம். மேல் டிவிசன் வான்காரர் இப்போதே முன்பணம் கேட்கிறார்.

அன்புடன்,
அம்மா