ஒரே தொட்டி, இரண்டு ஒப்பந்தங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா காலத் தடுப்பூசி அரசியலைத் திரும்பிப் பார்த்துத் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் சென்ற வாரம் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 2021-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையே மூண்ட பூசலைக் கட்டுரையாளர் விறுவிறுப்பாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் ஒன்றியத்திலிருந்து வெளியேறியதால்தான் பிரிட்டன் தடுப்பூசிக்கு விரைந்து ஒப்புதல் தர முடிந்தது என்றும், ஏற்றுமதிக்குத் தடை விதித்துத் தன் மக்களைக் காத்துக்கொண்டது என்றும், கோப்புகளைக் கட்டிக்கொண்டு கிடந்த ஐரோப்பா கோட்டை விட்டது என்றும் அவர் எழுதியிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மருந்துக் கொள்முதல் பிரிவில் ஒப்பந்தப்புள்ளிகளையும் விநியோக அட்டவணைகளையும் சரிபார்த்தே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். என் கண்ணுக்கு இது இரண்டு நாடுகளின் சண்டையாகத் தெரியவில்லை. ஒரே சரக்கை இரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்த ஒரு நிறுவனத்தின் கதையாகத்தான் தெரிகிறது.

2021 ஜனவரி 22 அன்று, முதல் காலாண்டில் தருவதாகச் சொன்ன அளவில் பாதிக்கும் குறைவாகவே தர முடியும் என்று ஆஸ்ட்ராஜெனகா நிறுவனம் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்திடம் தெரிவித்ததிலிருந்து விவகாரம் தொடங்குகிறது. ஒன்றியம் எதிர்பார்த்திருந்தது சுமார் 8 கோடி டோஸ். காலாண்டு முடிவில் கைக்கு வந்தது 3 கோடியைச் சற்றே தாண்டியது. பெல்ஜியத்தில் உள்ள செனெஃப் ஆலையில் எதிர்பார்த்த கண்டுமுதல் கிடைக்கவில்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். இந்தத் தடுப்பூசியின் மூலப்பொருளான வைரஸைப் பெரிய தொட்டிகளில் உயிரணுக்களுக்குள் வளர்த்து, பிறகு வடித்துச் சுத்திகரிக்க வேண்டும். ஒரே விதை, ஒரே உரம் என்றாலும் பக்கத்துப் பக்கத்து வயல்களில் ஒரே அளவு நெல் காண்பதில்லை என்பதைக் காவிரிக் கரையில் பிறந்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆகவே விளைச்சல் குறைந்ததை நான் குற்றமாகச் சொல்லவில்லை. குறைந்தபோது எந்த வயலுக்கு வந்த நட்டம் யார் தலையில் எழுதப்பட்டது என்பதே கேள்வி.

பிரிட்டனில் உள்ள ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றிலிருந்து தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் கேட்டது. பிரிட்டன் எங்களோடு மூன்று மாதம் முன்னதாகவே உடன்பாடு செய்துகொண்டது, ஐரோப்பாவுக்கு நாங்கள் கொடுத்தது இயன்றவரை முயல்வோம் என்ற உறுதிமொழி மட்டுமே என்று நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி பாஸ்கல் சொரியோ இத்தாலியப் பத்திரிகை ஒன்றுக்குப் பேட்டி கொடுத்தார். ‘முதலில் வந்தவருக்கு முதலில்’ என்பது தெருவோரக் கசாப்புக் கடைக்குப் பொருந்தலாம், ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது என்று ஒன்றியத்தின் சுகாதாரத்துறை ஆணையர் ஸ்டெல்லா கிரியாகிடிஸ் அதற்கு மறுமொழி சொன்னார். இதுவரை கட்டுரையிலும் உள்ளது. அதன் பிறகு வெளிவந்த காகிதங்களைத்தான் கட்டுரையாளர் பிரித்துப் பார்க்கவில்லை போலும்.

ஜனவரி 29 அன்று ஆணையம் தன் ஒப்பந்தத்தைப் பகுதி பகுதியாகக் கறுப்படித்து வெளியிட்டது. (அடித்த கறுப்பின் கீழிருந்த சில வரிகளைக் கணினிக் கோப்பின் பக்கக்குறிப்புப் பட்டியலைத் திறந்தே வாசித்துவிட முடிந்தது என்பது எங்கள் அலுவலகத்தில் நடந்திருந்தால் மறுநாளே விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்திருக்கும்.) அதன் 5.4-ஆம் பிரிவு, இந்தப் பிரிவின் நோக்கத்துக்கு மட்டும் ஐரோப்பிய ஒன்றியம் என்ற சொல்லில் பிரிட்டனும் அடங்கும் என்று கூறி, அந்த எல்லைக்குள் அமைந்த ஆலைகளில் தடுப்பூசியைத் தயாரிக்க நிறுவனம் நியாயமான முயற்சிகள் அனைத்தையும் மேற்கொள்ள வேண்டும் என்கிறது. ஒன்றியத்துக்கு உரிய டோஸ்களைப் பாதிக்கும் வகையில் வேறு எவருக்கும் தான் கடமைப்பட்டிருக்கவில்லை என்று நிறுவனம் உத்தரவாதம் தரும் வரியும் அதே ஒப்பந்தத்தில் உண்டு. மறுபுறம் பிரிட்டனின் ஒப்பந்தம், அந்நாட்டுக்கான விநியோகத்தை யாரேனும் தடுக்கவோ திருப்பவோ முனைந்தால் அரசு நடவடிக்கை எடுக்க இடம் வைத்திருந்தது. இவற்றில் வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பாவின் ஒப்பந்தம் கையெழுத்தானது 2020 ஆகஸ்ட் 27. பிரிட்டனின் முறையான ஒப்பந்தம் கையெழுத்தானது அதற்கு மறுநாள். பிரிட்டன் மே மாதத்திலேயே பேசி முடித்திருந்தது உண்மை. ஆலைகளுக்கு முன்கூட்டியே பணம் போட்டதும் உண்மை. ஆனால் இரண்டு ஒப்பந்தங்களிலும் ஒரே நிறுவனம் கையெழுத்திட்டிருக்கிறது. ஒரு தொட்டியின் தண்ணீரைத் தலைமடைக்கும் கடைமடைக்கும் ஒரே நாளில் முழுசாகத் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தவரை விட்டுவிட்டு, மடைக்காரர்கள் ஒருவரை ஒருவர் மண்வெட்டியோடு துரத்தியதைத்தான் அந்த வசந்த காலத்தில் உலகம் பார்த்தது.

பிரஸ்ஸல்ஸின் பிழையை நான் மறைக்கவில்லை. ஒப்பந்தத்தை வெளியிட்ட அதே நாளில், தடுப்பூசி ஏற்றுமதிக்கு முன் அனுமதி பெற வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்த ஆணையம், அயர்லாந்து வழியாக வட அயர்லாந்துக்கும் அங்கிருந்து பிரிட்டனின் மற்ற பகுதிகளுக்கும் குப்பிகள் போய்விடுமோ என்று அஞ்சி, வட அயர்லாந்து நெறிமுறையின் சில பகுதிகளை ஒரு தரப்பு தானாகவே நிறுத்திவைக்க இடம் தரும் 16-ஆம் பிரிவைக் கையில் எடுத்தது. பிரிட்டன் முழுமையாக விலகி ஒரு மாதம்கூட நிறைந்திருக்கவில்லை. அயர்லாந்துத் தீவின் நடுவே மறுபடி சோதனைச் சாவடி முளைக்கக் கூடாது என்பதற்காகவே ஆண்டுக்கணக்கில் பேசி எழுதப்பட்ட நெறிமுறை அது. அயர்லாந்தின் தலைநகர் டப்ளினைக் கேட்காமலேயே இந்த முடிவு எடுக்கப்பட்டது. டப்ளின், லண்டன், வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் மூன்றும் ஒரே குரலில் எதிர்த்தன. அன்றிரவே ஆணையம் பின்வாங்கியது. சில மணி நேரமே உயிரோடு இருந்த அந்த அறிவிப்பை, நெறிமுறையையே தூக்கி எறிய வேண்டும் என்று கேட்ட பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பும் வட அயர்லாந்துக் கட்சிகள் அதற்குப் பிறகும் நெடுநாள் சுட்டிக்காட்டிக்கொண்டே இருந்தன. குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டிய பொருளை அரசியல் அடுப்பில் வைத்த செயல் இது.

இனி கட்டுரையில் உள்ள இரண்டு தவறான செய்திகளுக்கு வருகிறேன். பிரிட்டன் ஏற்றுமதித் தடை விதித்தது என்பது முதலாவது. ஐரோப்பிய கவுன்சில் தலைவர் சார்ல் மிஷேல் மார்ச் மாதத்தில் இப்படிச் சொன்னபோது பிரிட்டன் வெளியுறவு அமைச்சர் டொமினிக் ராப் உடனே மறுத்தார். சட்டப்படி அப்படி ஒரு தடை எங்கும் இல்லை. தடை தேவைப்படவும் இல்லை, ஏனென்றால் ஒப்பந்தமே அந்த வேலையைச் செய்தது. அதே வேளையில், பிப்ரவரி தொடக்கம் முதல் மார்ச் கடைசி வாரம் வரை ஒன்றியத்திலிருந்து உலக நாடுகளுக்குச் சென்ற 4 கோடிக்கும் மேற்பட்ட டோஸ்களில் சுமார் 1 கோடி பிரிட்டனுக்குத்தான் போயிற்று. மறுதிசையில் ஏதும் வரவில்லை. இந்தக் கணக்கைக் காட்டித்தான் ஆணையத் தலைவர் உர்சுலா ஃபான் டெர் லையன் ஏற்றுமதியை நிறுத்துவோம் என்று எச்சரித்தார். ஆனால் பெல்ஜியத்தின் பூர்ஸ் ஆலையில் ஃபைசர் தடுப்பூசி தயாரிக்கத் தேவையான கொழுப்புப் பொருள்களில் ஒரு பகுதி, இங்கிலாந்தின் யார்க்‌ஷைர் பகுதியில் குரோடா என்ற நிறுவனத்தின் தொழிற்சாலையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. குப்பியை நிறுத்தினால் கொழுப்பு நிற்கும் என்ற நிலை. மார்ச் 24 அன்று ஆணையம் ஏற்றுமதி விதிகளை இன்னும் இறுக்கிய அதே நாளில், இரு தரப்பும் சேர்ந்து உழைப்போம் என்று கூட்டறிக்கை வெளியானதற்கு நல்லெண்ணத்தைக் காட்டிலும் இந்த முடிச்சுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, ஒன்றியத்தை விட்டு வெளியேறியதால்தான் விரைவில் ஒப்புதல் தர முடிந்தது என்ற கூற்று. ஃபைசர் தடுப்பூசிக்குப் பிரிட்டன் ஒப்புதல் கொடுத்தது 2020 டிசம்பர் 2. அப்போது வெளியேற்றத்துக்கான இடைமாற்றக் காலம் முடியவில்லை. ஐரோப்பிய மருந்துச் சட்டங்களே அங்கு நடப்பில் இருந்தன. அவசரநிலையில் உறுப்பு நாடு தானே தற்காலிக அனுமதி வழங்கலாம் என்று அந்தச் சட்டமே இடம் தந்திருந்தது. ஒன்றியத்தின் கூட்டுக் கொள்முதலில் சேராமல் 2020 ஜூலையில் ஒதுங்கிக்கொண்டதும் தனிப் பணிக்குழு அமைத்ததும் பிரிட்டனுக்குப் பயன் தந்தன. ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, நெதர்லாந்து நான்கும் ஜூன் மாதத்திலேயே ஆஸ்ட்ராஜெனகாவோடு பேசி முடித்ததை 27 நாடுகளுக்காக ஆணையத்தின் கையில் ஒப்படைத்து, ஆகஸ்ட் வரை காத்திருந்ததும் உண்மைதான். ஆனால் கிடைக்காத தடுப்பூசிக்காகச் சண்டையிட்ட அதே தலைவர்கள் கிடைத்த தடுப்பூசியைப் பற்றிப் பேசிய பேச்சு என்ன? 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஆஸ்ட்ராஜெனகா தடுப்பூசி ஏறக்குறையப் பயனற்றது என்று பிரெஞ்சு அதிபர் மக்ரோன் ஜனவரி 29 அன்றே சொன்னார். மார்ச் 15 அன்று ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி ஆகியவை ரத்த உறைவு ஐயத்தால் அந்த ஊசி போடுவதையே நிறுத்திவைத்தன; இரண்டே நாளில் பிரஸ்ஸல்ஸிலிருந்து ஏற்றுமதி மிரட்டல் வந்தது. வந்த சரக்கை வேண்டாம் என்று சொல்லும் வாய், வராத சரக்குக்கு வழக்கும் போட்டது.

அந்த வழக்கைக் கட்டுரை தொடவே இல்லை. பிரஸ்ஸல்ஸ் நீதிமன்றம் 2021 ஜூன் 18 அன்று, செப்டம்பர் இறுதிக்குள் மேலும் 5 கோடி டோஸ் தர வேண்டும், தவறினால் தராத டோஸ் ஒன்றுக்கு 10 யூரோ செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒன்றியம் கேட்டதோ ஜூன் இறுதிக்குள் மொத்தமாக 12 கோடி. பிரிட்டன் ஆலைகளை ஐரோப்பாவுக்குப் பயன்படுத்தாதது ஒப்பந்த மீறல் என்று நீதிமன்றம் கண்டது. கேட்ட அளவையோ கொடுக்கவில்லை. இரு தரப்பும் வெற்றி என்று அறிக்கை விட்டன. செப்டம்பரில் சமரசம் ஆனது. அதற்குள் ஐரோப்பா ஃபைசர் பக்கம் சாய்ந்து, ஆகஸ்ட் 31-க்குள் தன் வயதுவந்தோரில் 70 விழுக்காட்டினருக்கு முழுமையாகத் தடுப்பூசி போட்டு முடித்திருந்தது. ‘கோட்டை விட்டது’ என்ற தீர்ப்பு ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை.

கடைசியாக, பிரிட்டன் சொந்தச் சரக்கிலேயே பிழைத்ததாகக் கட்டுரை சொல்வதில் நம் நாடு காணாமல் போய்விடுகிறது. அந்நாட்டுக்கான ஆஸ்ட்ராஜெனகா தடுப்பூசியைக் குப்பிகளில் அடைத்தது வேல்ஸின் ரெக்ஸ்ஹாம் நகரில் உள்ள இந்திய நிறுவனமான வொக்கார்ட்டின் ஆலை. இதே தடுப்பூசியைக் கோவிஷீல்டு என்ற பெயரில் தயாரித்த புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட்டிலிருந்து 1 கோடி டோஸ் பேசப்பட்டு, மார்ச் தொடக்கத்தில் 50 லட்சம் போய்ச் சேர்ந்தது. மீதி 50 லட்சத்தை நம் அரசு நிறுத்திவைத்ததும் இங்கிலாந்தில் ஏப்ரல் மாத முன்பதிவுகள் சுருங்கின. நம் பக்கத்து நாடான வங்கதேசம் 3 கோடி டோஸுக்கு ஒப்பந்தம் போட்டு 70 லட்சத்தோடு நின்றது. அங்கும் டாக்காவின் கோபம் தில்லி மீதுதான் திரும்பியது. ஆனாலும் நிறுத்தியதைக் குறைசொல்ல எனக்கு நா எழவில்லை. மார்ச் கடைசியில் முதல் ஊசி போட்டுக்கொண்ட நான், மே மாதம் இரண்டாவது ஊசிக்காக விடியற்காலையில் எங்கள் ஊர்ச் சுகாதார நிலைய வாசலில் நின்றேன். டோக்கன் கொடுக்கும் மேசை காலியாக இருந்தது. கரும்பலகையில் ‘கோவிஷீல்டு இருப்பு இல்லை’ என்று சாக்கட்டியால் எழுதி, ‘இல்லை’க்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்கள். இடைவெளி 12 முதல் 16 வாரமாக மாற்றப்பட்டுவிட்டது, ஜூன் கடைசியில் வாருங்கள் என்று செவிலியர் சொல்லி அனுப்பினார். செனெஃப் தொட்டியில் கண்டுமுதல் குறைந்தபோது அங்கே கோபப்பட்டவர்களின் மனநிலை அன்று எனக்குப் புரிந்தது. யார் மீது கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

எனவே ஏற்றுமதித் தடை, ஒப்புதல் தேதி ஆகிய இரு செய்திகளையும் திருத்தி, கட்டுரை வெளியான அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இணையப் பதிப்பில் உள்ள கட்டுரையிலும் அந்தத் திருத்தத்தைச் சேர்த்தால் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு உதவும். எங்கள் தெருவிலேயே இருவர் அதைக் கத்தரித்து ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மன்னார்குடி.