தாமிரபரணியைப் பாத்துக்கிற அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, எல்லாருக்கும் வணக்கம்.

பாபநாசத்துக்குப் பரிகாரம்னு வர்றவங்க முங்கிக் குளிச்சிட்டு உடுத்துன துணியை ஆத்தோட விட்டுட்டுப் போறது உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்ல. போன ஞாயித்துக்கெழம படித்துறைக்குக் கீழ, நாணல் ஓரமா ஒரு ஆமை செத்துக் கெடந்துச்சு. முன்னங்கால் ரெண்டுலயும் பச்சை பாலியஸ்டர் சேலை கயிறு மாதிரி முறுக்கி இறுகிப்போய், மறுமுனை பாறை இடுக்குல மாட்டியிருந்துச்சு. தண்ணிக்குள்ளயே இருக்கிற உசுருன்னாலும் மூச்சு விட அது மேல வந்துதான் ஆகணும், அந்தச் சேலை வர விடல. அரிவாளால அறுத்துத்தான் எடுத்தோம், தோல் உரிஞ்சு கால் வெள்ளையா இருந்துச்சு, எவ்வளவு நேரம் இழுத்துப் பாத்துச்சோ.

நீர்நாயும் இப்படி மேல வந்து மூச்சு விடுறதுதான். 2022-ல வனவிலங்குச் சட்டத்தைத் திருத்துனப்போ புலி இருக்கிற முதல் அட்டவணையிலயே நீர்நாயையும் வச்சாச்சு, ஆனா அது நீந்துற ஆத்துல வேட்டியும் சேலையும் வலை விரிச்ச மாதிரி கெடக்கு.

அன்னைக்கு நாங்க எட்டு பேரு மத்தியானம் வரைக்கும் துணியா இழுத்து கரையில குமிச்சோம். அள்ளிட்டுப் போக வண்டி கேட்டு மூணு தடவ போன் போட்டோம், "அது எங்க எல்லை இல்ல"ன்னு ஆளுக்கொரு பதில். வியாழக்கெழம அணையில தண்ணி கூட வந்துச்சு, குமிச்சதுல பாதி திரும்ப ஆத்துக்குள்ள போயிருச்சு. சொல்லுங்க, நாங்க யாருகிட்டதான் போறது?

நாங்க கேக்கிறது பெருசா ஒண்ணும் இல்ல. படித்துறையிலயே துணி போட ஒரு தொட்டி வைங்க, பக்கத்துல ஆள் நிக்கட்டும், தினமும் அள்ளுங்க. வருசத்துக்கு ஒருதடவ பேனர் கட்டி போட்டோ எடுத்துக்கிட்டு அள்ளுறது பத்தாது. பரிகாரத்தை யாரும் வேண்டாம்னு சொல்லல, ஆத்துக்குள்ள விடாதீங்கன்னுதான் சொல்லுதோம். கோயில் முன்னால மீனுக்குப் பொரி போட்டுக் கும்பிடுற சனம்தான் அது, பக்குவமா சொன்னா கேக்கும்.

கீழ போகப்போக சாக்கடை, தண்ணிய மூடிப் படருற அமலைச்செடி, நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கிற தண்ணியில என்னென்ன கலக்குதுன்னு எழுத ஆரம்பிச்சா இந்த மடல் முடியாது. கோவத்துல ஏதாவது கூடப் பேசியிருந்தா மன்னிச்சுக்கோங்க.

ஆடி அமாவாசைக்குக் கூட்டம் வரும். அதுக்கு முன்னால அந்தத் தொட்டியை வச்சிருங்க ஐயா, ஞாயித்துக்கெழம அள்ள நாங்க வர்றோம், வண்டி மட்டும் அனுப்புங்க.

இப்படிக்கு,
ஆத்தங்கரைக்காரன் ஒருத்தன்