மாணவர் மனித உரிமை இதழியல் மன்றம்: 2024–25 செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், ஆலோசகர் பேராசிரியர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஜூலையில் உறுப்பினர் சேர்க்கை நடந்தது. டிசம்பர் 10 மனித உரிமை நாள் கூட்டம் நடந்தது. பழைய நாளிதழ்களைப் பார்க்க எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போய் வந்தோம். செயற்குழு விதிப்படி கூடியது; கூட்டம் செல்லக் குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை (கோரம்) சேர ஒவ்வொரு முறையும் விடுதி அறைகளுக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தது.

இனி, தகவல் உரிமை மனுப் பதிவேடு. சுவரிதழ் ஏழு வாரம் தாமதமானதற்கு இந்தப் பதிவேடுதான் காரணம் என்று பேசிக்கொள்கிறார்கள். அது பாதி உண்மை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

தகவல் உரிமைச் சட்டத்தில் இந்தியக் குடிமக்கள் மனுச் செய்யலாம். மன்றத்தின் பெயரில் போட்டால் அதையே சாக்காக வைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே ஒரு மாணவர் தன் பெயரில் கையெழுத்திட வேண்டும். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தபாலில் அனுப்பினால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். வேலையே அங்கேதான் தொடங்குகிறது. மனு அலுவலகத்தில் சேர்ந்த நாளிலிருந்து 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலும், வந்த பதில் போதாவிட்டாலும், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் முடிவு வந்த, அல்லது வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 90 நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாவது. ஒரு நாள் தவறினாலும், தாமதத்துக்குக் காரணம் காட்டி மன்றாட வேண்டும்.

இந்த ஆண்டு மனுக்கள் வீணானதற்கு அதிகாரிகள் மட்டுமே காரணமில்லை. கையெழுத்திட்டவர்கள் பெரும்பாலும் இறுதியாண்டு மாணவர்கள். கொடுத்த முகவரி விடுதி. மே மாதம் அறை காலியாகிறது, ஜூனில் பதில் வருகிறது, 'முகவரியில் இல்லை' என்று எழுதித் தபால்காரர் திருப்பி எடுத்துப் போகிறார். மேல்முறையீடும் மனுதாரரே செய்ய வேண்டியது. அவரோ பெங்களூரில் வேலையில் சேர்ந்திருப்பார். இதனால்தான் இனி முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவர்களே கையெழுத்திட வேண்டும், முகவரி வீட்டு முகவரியாக இருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தேன். 'செயலாளர் இளையவர்களைப் பலிகொடுக்கிறார்' என்று அதற்கும் ஒரு முணுமுணுப்பு.

மனுவை எழுதும் விதத்திலும் கோளாறு இருக்கிறது. 'கழிவுநீர்த் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புக் கவசம் ஏன் தரவில்லை?' என்று கேட்டால் பதில் வராது. இருக்கிற ஆவணத்தைத்தான் கேட்க முடியும். பணி ஆணையின் நகல், ஒப்பந்ததாரர் உடன்படிக்கையின் நகல், குறிப்பிட்ட மாதத்தில் கவசம் வழங்கிய பதிவேட்டின் நகல் என்று கேட்க வேண்டும். சென்னையில் பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்திடம், மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம். இரண்டையும் குழப்பி அனுப்பியவை சில. அப்படியே போயிருந்தாலும் 6(3) பிரிவின்படி ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்றியிருக்க வேண்டும். திருப்பி அனுப்பினால் அதுவே மேல்முறையீட்டுக்குக் காரணம். புலனாய்வு, பாதுகாப்பு அமைப்புகளுக்கு 24ஆம் பிரிவில் விலக்கு உண்டு என்று சொல்லி ஒதுங்கிவிடுகிறோம். மனித உரிமை மீறல் பற்றிய தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது. ஆணையத்தின் ஒப்புதலோடு 45 நாளில் தர வேண்டும்.

சுவரிதழின் முதன்மைக் கட்டுரை கழிவுநீர்த் தொட்டி மரணங்கள் பற்றியது. 'விஷவாயு தாக்கிப் பலி' என்று வந்த தலைப்பை நான்தான் அடித்தேன். வாயுவைக் குற்றவாளியாக்கும் தலைப்பு அது. தொட்டிக்குள் இறங்கச் சொன்னது யார் என்ற கேள்வி அதில் காணாமல் போகிறது. கையால் மலம் அள்ளும் பணியைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு ஆபத்தான முறையில் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆளை இறக்குவதையே தடைசெய்கிறது. 9ஆம் பிரிவில் தண்டனை. எஃப்.ஐ.ஆரில் இந்தப் பிரிவுகள் இருக்கின்றனவா, கவனக்குறைவால் மரணம் என்ற ஒன்று மட்டுமா என்று பார்க்காமல் கட்டுரை போடக் கூடாது. இழப்பீடும் அப்படித்தான். 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தொகை பத்து லட்சம். 2023 அக்டோபரில் அது முப்பது லட்சமாக உயர்ந்தது. நம் முதல் வரைவில் பழைய தொகையே இருந்தது. ஏழு வாரத்தின் மீதிப் பாதி போன இடம் இதுதான்.

சென்னை நகருக்குள்ளிருந்து அகற்றப்பட்டவர்களைக் குடியமர்த்திய பெரும்பாக்கத்தில் எடுத்த நேர்காணல்களில் ஒப்புதலை இரு முறை வாங்கினோம்: பேசுவதற்கு முன் ஒரு முறை, எழுதியதைப் படித்துக்காட்டிய பிறகு ஒரு முறை. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரை மறைத்துவிட்டுப் பள்ளியையும் தெருவையும் எழுதினால் அது மறைத்ததாகாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு அதையும் தடுக்கிறது. படங்களை வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பும்போது படத்தில் பதிந்த இருப்பிடத் தகவலும் கூடவே போகலாம். இதைப் பயிற்சியில் சொன்னோம். பயிற்சிக்கு வந்தவர்கள் ஆறு பேர். டிசம்பர் 10 குழுப் படத்தில் முப்பத்தொரு பேர் நிற்கிறார்கள்.

ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க நான்கு மணி நேரம் பிடிக்கும். அந்த வேலையை மூவர் மட்டுமே செய்தார்கள். சான்றிதழ் கேட்டு மார்ச்சில் வந்தவர்களின் எண்ணிக்கையை எழுத வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன்.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய சமம். தபால், வில்லை, நகல், அச்சு ஆகியவற்றுக்குச் செலவானது. ரசீதுகள் பொருளாளரிடம் உள்ளன, சில என்னிடம். ஆண்டுச் சந்தா நூறு ரூபாய். கட்டாதவர்கள் பாதிக்கு மேல். நூறு ரூபாய்க்குப் பத்து வில்லைகள் வாங்கலாம் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அறை தந்த துறைத் தலைவருக்கும், வழிகாட்டிய ஆலோசகருக்கும், நகலகத்தாருக்கும், இரவுக் காவலர் அண்ணனுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு நான் இருக்க மாட்டேன். சென்னையிலேயே வீடு உள்ள, தேதி மறக்காத ஒரு முதலாண்டு மாணவரோ மாணவியோ பதிவேட்டை எடுத்துக்கொண்டால் நல்லது, யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பதிவேடு மன்ற அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது, சாவி துறை அலுவலகத்தில். நிலுவையில் நான்கு மேல்முறையீடுகள். முதலாவதன் கெடு மே 19.

இப்படிக்கு,
செயலாளர்